முப்பத்தேழாம் குழியின் இரண்டாவது முடிச்சு

அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. 'பாதியில் விலகிய பருவகாலப் பணியாளர்: விலகியதற்கான காரணம்' என்று மேலே அச்சடித்து, கீழே நான்கு கோடு போட்டிருக்கிறார்கள். நான்கே நான்கு கோடு. "நீங்கதானே அவரைக் கூட்டிட்டு வந்தீங்க, நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்று எங்கள் முகாம் பொறுப்பாளர் மேடம் என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். என் தங்கை வீட்டுக்காரரை நான்கு கோட்டுக்குள் அடைக்க எந்த மடையனால் முடியும்? அதனால் முதலில் இந்த நோட்டில் எல்லாவற்றையும் எழுதிப் பார்க்கிறேன். படிவம் அப்புறம்.

மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்தாறு. ஒல்லியான ஆள். மாப்பிள்ளை முறுக்கு என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தால்கூட யாராவது சொன்னால்தான் உட்காருவார், சொல்ல மறந்துவிட்டால் சுவரோரம் நின்றுகொண்டே இருப்பார். பத்தொன்பது வருஷம் ஓர் எட்டு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டினார். பழைய காலத்து லிஃப்ட். இரும்புக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பினால்தான் நகரும். யாரையும் எந்த மாடி என்று கேட்கமாட்டார், முகத்தைப் பார்த்தே கொண்டுபோய் விட்டுவிடுவார். "பல் டாக்டர்கிட்ட வர்றவங்க கன்னத்துல கை வச்சிருப்பாங்க மச்சான். வக்கீல்கிட்ட வர்றவங்க பையைக் கட்டிப் பிடிச்சிருப்பாங்க. இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் திடீரென்று அந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். ஏன் என்று கேட்டதற்கு "பிடிக்கல" என்று ஒரே வார்த்தை. அடுத்து ஒரு கம்பெனி வாசலில் காவலாளி. காவலாளிக் கூண்டு சின்னதாக இருக்கிறதாம், ஒரே மாதத்தில் கம்பி நீட்டிவிட்டார். அடுத்து வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. பன்னிரண்டாம் மாடியாக இருந்தாலும் படியேறித்தான் போவார். நாற்பது பார்சலைக் கொடுத்து முடிக்க இரண்டு நாள் ஆகும். அவர்களும் கைகழுவிவிட்டார்கள். என் தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் ஒரு துணிக்கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். வீட்டுக்கு வந்தால் இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் மூக்கை நுழைத்தேன். பாலைவனத்தில் ஆமை பிடிக்கிற வேலைக்கு நான் நான்கு சீசனாக வந்துகொண்டிருக்கிறேன். வண்டி ஓட்டுவேன், வரிசையிலும் நடப்பேன். ஓர் ஆள் குறைகிறது என்று மேடம் சொன்னபோது, வாய் தவறி இவர் பெயரைச் சொல்லிவிட்டேன். "வெட்டவெளி மாப்ள. சுவரே கிடையாது. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி வேலை" என்று இவரிடமும் அளந்துவிட்டேன். நூறு நாள் ஒப்பந்தம். கிளம்புகிற அன்று தங்கை இவர் எதிரிலேயே என்னிடம் சொன்னாள்.

"அண்ணே, நூறு நாள் முடிச்சுட்டு வந்தா வீடு இருக்கு. பாதியில வந்தா, வர்ற வழியிலேயே வேற இடம் பாத்துக்கச் சொல்லு."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

வேலை இதுதான். மலைக்கு இந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் சோலார் தகடு பதிக்கப் போகிறார்கள். அந்த மண்ணுக்குள் ஆமைகள் குழி தோண்டிக் குடியிருக்கின்றன. மண் தள்ளும் இயந்திரம் வருவதற்கு முன்னால், ஒவ்வோர் ஆமையையும் கண்டுபிடித்து எடுத்து, மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட வேண்டும். இடத்தைச் சுற்றி வலை அடித்து, கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறோம். எட்டுப் பேர், ஐந்து அடிக்கு ஓர் ஆள், ஒரே வரிசையாக நடப்போம். முள்செடி ஒன்று விடாமல் குனிந்து பார்க்க வேண்டும். வட்டமாக இருந்தால் எலிப் பொந்தோ பல்லிப் பொந்தோதான். அடி தட்டையாக, மேலே அரை நிலா மாதிரி வளைந்திருந்தால் அதுதான் ஆமைக் குழி.

குழி கிடைத்தால் முதலில் கண்ணாடியைக் காட்டி வெயிலை உள்ளே அடித்துப் பார்க்கலாம். ஆனால் குழி வளைந்துபோனால் கண்ணாடி உதவாது. குப்புறப் படுத்து, கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு, முடிவைத் தொட வேண்டும். முடிவு என்றால் கெட்டியாக, காய்ந்த சுவர் மாதிரி இருக்கும். பொலபொலவென்று ஈரமண் கையில் பட்டால் அது முடிவே இல்லை. ஆமை உள்ளே போய்ப் பின்னங்காலால் தனக்குப் பின்னால் தள்ளிவிட்ட மண் அது. ஆமை அதற்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். முடிவைத் தொட்டவர் குழிக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, ரிப்பனில் ஒரு முடிச்சுப் போடுவார். அப்புறம் ஜோடி ஆள் படுத்து, அவரும் கையை விட்டுத் தொட்டுப் பார்த்து, இரண்டாவது முடிச்சைப் போடுவார். இரண்டு முடிச்சு விழுந்தால்தான் மண்வெட்டியால் குழியை மூடலாம். மூடிய குழியைத் திரும்ப யாரும் திறக்கமாட்டார்கள், அதன் மேல் இயந்திரம்தான் ஏறும்.

மாப்பிள்ளையும் நானும் ஜோடி. தங்குவதும் ஒரே அறையில்தான். அறை என்ன அறை, கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி. அதில் இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு கதவு. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் குளிர்சாதனப் பெட்டியை வைத்து அடைத்திருக்கிறார்கள், அதுவும் ஓடாது. முதல் நாளே மாப்பிள்ளை கதவுக்கு நடுவில் தன் ஷூவைச் செருகிவைத்தார். காற்றடித்து மண் முழுக்க என் படுக்கையில். நான் எடுத்துப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் எழுந்து மறுபடியும் செருகினார். அவரை மரியாதையாகத்தான் திட்ட வேண்டும் என்பது ஒரு தொல்லை. "உங்களுக்கு அறிவு இருக்குங்களா மாப்ள? தேள் வந்தா யார் பதில் சொல்றது?" என்றுதான் கத்த முடிந்தது.

நாலாம் நாள் காலை, வரிசைக்குக் கிளம்பும்போது அவர் பல் துலக்கிக்கொண்டே, "நாலாவது மாடி" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. நாட்களைத்தான் மாடியாக எண்ணுகிறார். அதிலிருந்து தினமும் காலையில் அறிவிப்பு உண்டு. மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். "லிஃப்ட்டு, இன்னைக்கு எத்தனாவது மாடி?" என்று சமையல்காரர் கேட்பார். இவரும் சிரிக்காமல், "பதினேழு. இறங்குறவங்க இறங்கலாம்" என்பார். எல்லோரும் சிரிப்போம். அது சிரிக்கிற விஷயமில்லை என்று எனக்குத் தெரியவே இருபது மாடி ஆகிவிட்டது.

இருபதாம் நாள் மதியம். பதினொரு மணிக்கு மேல் வரிசை கிடையாது, வெயில் ஆளைக் கொன்றுவிடும். நாலு மணி வரை பெட்டிக்குள் கிடப்போம். அன்று மண்காற்று அடித்ததால் கதவைச் சாத்தியே தீரவேண்டியிருந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பார்க்கிறேன், மாப்பிள்ளை கட்டிலில் இல்லை. கதவோரம் தரையில் உட்கார்ந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடுக்கில் வாயை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. தண்ணீரைக் கொடுத்து, முதுகைத் தடவி, "என்ன மாப்ள, என்னதான் பண்ணுது?" என்று கேட்ட பிறகுதான் சொன்னார்.

ஒரு விடுமுறை நாளில் லிஃப்டைத் துடைத்துவைக்கலாம் என்று காலை ஏழு மணிக்கு அந்தக் கட்டிடத்துக்குப் போயிருக்கிறார். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் போகும்போது மின்சாரம் போய்விட்டது. கட்டிடத்தில் ஓர் ஆள் இல்லை. தட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு மின்சாரம் வந்த பிறகுதான் லிஃப்டைக் கீழே இறக்க முடிந்திருக்கிறது. பதினொரு மணி நேரம்.

"அன்னைக்கு வழக்கமான நேரத்துக்கே வீட்டுக்கு வந்துட்டேன் மச்சான். உங்க தங்கச்சி, கை கழுவிட்டு வாங்க சாப்பிடலாம்னா. நானும் கழுவிட்டு வந்து சாப்பிட்டேன். எந்த இடத்துல சொல்றதுன்னு தெரியல. மறுநாள் போய்க் கதவை இழுக்குறேன், கை வரல."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"ஒருநாள் தள்ளிப்போச்சு. அப்புறம் ஒரு வாரம். அதுக்கப்புறம் சொன்னா, ஏன் அன்னைக்கே சொல்லலன்னு கேப்பாளே."

கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வந்தா சரியாகும்னு நினைச்சேன்" என்றார். "லிஃப்ட்ல நாலு சுவராவது இருந்துச்சு. தட்டினா சத்தம் கேக்கும். இங்க எதைத் தட்டுறது? எந்தப் பக்கம் நடந்தாலும் அதே இடத்துலதான் நிக்கிறேன். ஊருக்குப் போக ஆறு மணி நேரம். போனாலும் அவ கதவைத் திறக்க மாட்டா."

அன்றிலிருந்து ஷூவை நானே கதவில் செருகிவைத்தேன். மண் கொட்டினால் கொட்டட்டும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டும் அவர் குழிக்குள் கைவிட்டார் என்பதை அந்த நான்கு கோட்டில் எங்கே எழுதுவது? குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் அழுத்தி, ஒரு கையைத் தோள் வரைக்கும் பூமிக்குள் கொடுத்துவிட்டுக் கிடப்பது எனக்கே பிடிக்காத வேலை. அவர் ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே செய்வார். ஒருநாள் பக்கத்தில் போய்க் கேட்டேன். "பயப்படாதீங்க, ஒரு நிமிஷம்தான், இப்ப திறந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து சொல்கிற வார்த்தையாம். ஐம்பத்தேழு நாளில் இருபத்திரண்டு ஆமைகளைத் தொட்டுக் கண்டுபிடித்தார். எங்கள் எட்டுப் பேரில் அவர்தான் அதிகம். ஒரு முடிச்சுகூடத் தப்பாகவில்லை.

இனிமேல் என்னைப் பற்றி எழுத வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாகிவிட்டது.

நான்கு சீசன் ஆன ஆள் நான். இரண்டாவது முடிச்சுக்கு நான் கைவிடுவதில்லை. எப்போது நிறுத்தினேன் என்று சரியாக நினைவில்லை. முதுகு வலி என்று ஒரு நாள் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பழகிப்போயிற்று. முன்னால் போனவர்தான் பார்த்துவிட்டாரே, இன்னொரு தடவை எதற்கு மண்ணைத் தின்ன வேண்டும் என்று, குனிந்து குழி வாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிச்சைப் போட்டுவிடுவேன். அனுபவம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு இது தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள், அந்தக் கட்டத்தின் கடைசி வரிசை. அங்கே மறுநாள் காலை எட்டு மணிக்கு இயந்திரம் இறங்குவதாக இருந்தது. மணி பத்தே முக்கால், மண் கொதித்தது. முப்பத்தேழாம் குழி குறுகலானது, உள்ளே போய் வலது பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை படுத்துக் கையை விட்டார். அன்று மேல்மண் சரிந்து அவர் கழுத்தில், காதில் எல்லாம் கொட்டியது. துடித்துக்கொண்டு கையை வெளியே இழுத்தார். முகம் வெளுத்திருந்தது.

"எட்டுச்சா மாப்ள?"

"எட்டுச்சு மச்சான். சுவர்தான்."

அவர் ஒரு முடிச்சுப் போட்டார். நான் நின்ற நிலையிலேயே ஒரு முடிச்சுப் போட்டேன். மண்வெட்டியை எடுத்து நானே மூடினேன், காலால் மிதித்தும் விட்டேன்.

சாப்பாட்டுக் கூடாரத்தில் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகும் அவர் தட்டைத் தொடவில்லை. கை நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்த முப்பத்தேழு... விரல் நுனிதான் பட்டுச்சு. கெட்டியா இல்ல. சில்லுன்னு இருந்துச்சு. நகத்துல பாருங்க, இன்னும் ஈரம் காயல."

பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. ஓர் ஆமை உள்ளே இருக்கிறது, அதன் வாசலை நான் காலால் மிதித்து மூடியிருக்கிறேன். அந்த நிமிஷம் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டிக் குறைக்கவில்லை.

"வாயை மூடிட்டு சாப்பிடுங்க. ஒரு முடிச்சு தப்பானா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இன்னும் நாப்பத்திரண்டு நாள்தான். என் தங்கச்சி சொன்னது ஞாபகம் இருக்கில்ல? ஒரு ஆமைக்காகக் குடும்பத்தைத் தொலைப்பீங்களா?"

அவருடைய குடும்பத்தை நினைத்துத்தான் சொன்னேன் என்று சத்தியம் பண்ணலாம். பாதி பொய்யாகிவிடும். இரண்டாவது முடிச்சு யாருடையது என்று கேட்பார்களே, அந்தப் பயம்தான் மீதிப் பாதி.

அவர் தலையாட்டினார், சாப்பிட்டார். சரி, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் வண்டிக்குப் பக்கத்தில் கூடினோம். மேடம் அன்றைய கட்டத்தைப் படிக்கிறார். "லிஃப்ட்டு, எத்தனாவது மாடி?" என்று சமையல்காரர் வழக்கம்போல் கேட்டார். மாப்பிள்ளை அவருக்குப் பதில் சொல்லாமல் நேராக மேடம் முன்னால் போய் நின்றார்.

"மேடம், நேத்து மூடின கட்டத்துல முப்பத்தேழாம் நம்பர் குழி. நான் முடிவைத் தொடல. தொட்டேன்னு முடிச்சுப் போட்டுட்டேன். உள்ள ஆமை இருக்கு. எட்டு மணிக்கு மெஷின் வந்துடும்."

மேடம் நோட்டை மூடினார்.

"ரெண்டாவது முடிச்சு?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"அதையும் நான்தான் போட்டேன் மேடம். மச்சான் தண்ணி எடுக்க வண்டிக்குப் போயிருந்தாரு. அவர் வர்றதுக்குள்ள நேரமாகுதேன்னு ரெண்டையும் நானே போட்டு மூடிட்டேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தோம். மண்வெட்டி போட்டால் ஓட்டில் பட்டுவிடும் என்று கையாலேயே தோண்டினோம். மேல்மண் நான் மிதித்ததில் இறுகிப்போயிருந்தது. வளைவு வந்ததும் மாப்பிள்ளை எல்லோரையும் நகரச் சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்தார். கை தோள் வரைக்கும் போயிற்று. கன்னம், நெற்றி, கண் எல்லாம் மண். இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை, சத்தமாகவே சொன்னார். "பயப்படாதீங்க. வந்துட்டேன். ஒரு நிமிஷம்தான், இப்ப திறந்துடும்." எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று தெரியவில்லை. தூரத்தில் இயந்திரம் வருகிற சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. பிறகு மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தார். கையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பெண் ஆமை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. மேடம் ஒரு தொட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் வைத்தார். ஐந்து நிமிஷம் கழித்துத் தலையை நீட்டித் தண்ணீர் குடித்தது. மாப்பிள்ளை அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மேடம் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"நீங்களா வந்து சொன்னீங்க, அதை நான் மறக்க மாட்டேன். ஒரு முடிச்சு மட்டும் தப்புன்னா, அனுப்பினாலும் அடுத்த சீசனுக்கு நானே கூப்பிடுவேன். ரெண்டு முடிச்சையும் ஒரே ஆள் போட்டா, இதுவரைக்கும் நீங்க போட்ட எந்த முடிச்சை நான் நம்புறது? இன்னைக்கே கிளம்பிடுங்க."

"சரிங்க மேடம்."

அவரைக் கொண்டுபோய் விட வேண்டியது யார்? வண்டி ஓட்டுகிற நான்தான். ஆறு மணி நேரம். முதல் இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் எனக்குத் தாங்கவில்லை. வண்டியை ஓரங்கட்டினேன்.

"உங்களை யாருங்க அப்படிச் சொல்லச் சொன்னது? உங்க முடிச்சோட நிறுத்தியிருக்கலாம்ல? பெரிய தியாகியா நீங்க?"

"ஒருத்தர் உள்ள மாட்டிக்கிட்டா போதும் மச்சான். ரெண்டு பேர் எதுக்கு?" என்றார். "வண்டியை எடுங்க. உங்க தங்கச்சி கடையிலிருந்து வர்ற நேரம் ஆயிடும்."

அவர்கள் வீடு மூன்றாம் மாடியில். படியேறித்தான் போனோம். தங்கை கதவைப் பாதி திறந்தாள். அவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள்.

"எத்தனை நாள்?"

"அம்பத்தொம்பது."

"நூறுன்னுதானே சொன்னேன்? இப்ப என்ன, அந்த இடமும் சின்னதா இருந்துச்சாமா?"

"தப்பு என்னோடதுதான்" என்றார் அவர். வெளியே, மிதியடி மேலேயே நின்றுகொண்டு.

கதவு சாத்தப் போனது. நான் கையை வைத்துத் தடுத்தேன். அந்தப் படிக்கட்டில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ஆமை, முடிச்சு, அவர் சொன்ன பொய், நான் தரையைப் பார்த்தது எல்லாம். லிஃப்டில் பதினொரு மணி நேரம் கிடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். "மச்சான், அதை ஏன்..." என்று அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். தங்கை அவர் கையைப் பார்த்தாள். நகத்திலெல்லாம் இன்னும் மண் இருந்தது.

"அன்னைக்கு நான் கை கழுவிட்டு வாங்க சாப்பிடலாம்னு சொன்னேனே" என்றாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். நானும் பின்னாலேயே ஒரு காலை எடுத்து வைத்தேன்.

"நீ எங்க வர்ற?"

"என்னம்மா..."

"என்கிட்ட சொன்னதைப் போய் அந்தம்மாகிட்ட சொல்லு. சொல்லிட்டு வா. அதுவரைக்கும் இந்தப் படி ஏறாதே."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அமைதியாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவுடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். வந்து இறங்கியபோது மேடம் தொலைபேசியில் இருந்தார். மறுநாள் காலையில் எல்லோரும் இருந்தார்கள். அதற்கு மறுநாள் வேலை தலைக்கு மேல். அவர் போட்ட முடிச்சுகளை நம்ப முடியாது என்பதால், மூடிய குழிகளில் இயந்திரம் இன்னும் ஏறாத அறுபத்து மூன்றையும் திரும்பத் தோண்டச் சொல்லியிருந்தார்கள். வெயிலில் ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டே எல்லோரும் அவரைத் திட்டினார்கள். "லிஃப்ட்டு நம்மளை நடுவுல நிறுத்திட்டுப் போயிட்டான்" என்றார் சமையல்காரர். நான் அவர்களோடு சேர்ந்து தோண்டினேன். அறுபத்து மூன்றில் ஒன்றிலும் ஆமை இல்லை. எல்லாவற்றிலும் அவர் முடிவைத் தொட்டிருந்தார். அதையாவது உரக்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

பெட்டிக்குள் இப்போது நான் மட்டும். கதவைச் சாத்த முடியவில்லை, ஷூவைச் செருகிவைத்துக்கொண்டு கிடக்கிறேன். இரண்டாவது முடிச்சுக்குத் தோள் வரைக்கும் கையை விடுகிறேன். காலையில் பல் துலக்கும்போது எண்ணிக்கை தானாக வாயில் வந்துவிடுகிறது. மேடத்துக்கு முன்னால் போய் நிற்கும்போது மட்டும் வாய் திறக்கமாட்டேன் என்கிறது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே. ஒரு நாள் தள்ளிப்போட்டவன் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான் போலிருக்கிறது. அவர் எத்தனை மாதம் இதற்குள் கிடந்தாரோ.

நோட்டு முடியப் போகிறது. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். நான்கு கோட்டில் ஒன்று போதுமாக இருந்தது. 'முப்பத்தேழாம் குழியின் இரண்டாவது முடிச்சு என்னுடையது, நான் கையை உள்ளே விடவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டு, மனசு மாறுவதற்குள் எழுந்து போய்க் கொடுத்துவிட்டேன்.

மேடம் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

"எத்தனை நாளாச்சு?"

"அவர் போய்ப் பதினெட்டு நாள் மேடம்."

படிவத்தை மடித்து மேசைமேல் வைத்தார். "அவர் நம்பரை எழுதிக் குடுங்க. அடுத்த சீசன் பட்டியல்ல சேக்கணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். "வண்டிச் சாவியை வச்சுட்டு நீங்க கிளம்புங்க." சாவியை மேசையில் வைத்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது, என்னைக் கொண்டுபோய் விட வேறு ஓட்டுநர் இல்லை. புதன்கிழமை தண்ணீர் லாரி வரும்வரை கூடாரத்தில் உட்கார்ந்திருக்கச் சொன்னார்.

சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு நடந்து போய்த் தங்கைக்குப் போன் போட்டேன். எடுத்தது அவர்.

"சொல்லிட்டேன் மாப்ள" என்றேன்.

"எத்தனாவது மாடி மச்சான்?" என்றார்.

"எழுபத்தேழு."

"பயப்படாதீங்க. மெதுவா இறங்கி வாங்க. கதவைத் திறந்து வைக்கச் சொல்றா."